மனு எழுதி வரவழைத்த தண்ணீர்

குளத்துக்குத் தண்ணீர் விடச் சொல்லி மனு எழுதியது நான்தான். நூற்று எண்பத்து நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள், ஆனால் வாசகம் என்னுடையது. "இருபது வருடமாக ஆற்றுத் தண்ணீரைக் காணாத எங்கள் குளம்" என்று ஆரம்பித்து, வரத்து வாய்க்காலின் சர்வே எண்களை வரிசையாகப் போட்டு, இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். 2021 ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுத்தோம். மனு பலித்தது. தண்ணீர் வந்தது. வந்த தண்ணீரில் குளம் செத்தது. மூன்று வருடம் ஆகிறது, இன்னும் அது என் மனதை விட்டுப் போகவில்லை.

ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. காவிரியிலிருந்து பிரிகிற ஓர் ஆற்றின் கரையில் உள்ள சிறு நகரம், நடுவில் கோயில், கோயிலுக்கு எதிரே குளம். டெல்டாவில் எந்த ஊரைப் பொருத்திப் பார்த்தாலும் பெரிதாக வித்தியாசம் இருக்காது. நான் கல்யாணமாகி வந்த வீடு குளத்தின் மேலக்கரையில் இருக்கிறது. வந்த நாளிலிருந்து அந்தக் குளம் மழைத் தண்ணீரில்தான் பிழைத்தது. கார்த்திகையில் நாலாவது படி வரைக்கும் ஏறும், மாசியில் அடிக்குப் போகும், பங்குனியில் பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறபோது, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி எங்கள் குளம் வெடித்துக் கிடப்பதைப் பார்க்க வயிறு எரியும். என் மாமியார் கல்யாணமாகி வந்த புதிதில் ஆடிப்பெருக்கன்று குளத்துப் படித்துறையிலேயே காதோலை கருகமணி விட்டதாகச் சொல்வார். அதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதில் தப்பொன்றும் இல்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

2022 கோடையில் வேலை நடந்தது. வாய்க்காலில் மண்டிக் கிடந்த காட்டாமணக்கை ஜேசிபி வைத்து வாரினார்கள். கடைத்தெரு பக்கம் சாலைக்கு அடியில் போகிற ஒரு சிறு பாலத்தின் கண் முழுக்க மண்ணும் பிளாஸ்டிக்குமாக அடைத்துக் கிடந்தது. அதைத் திறந்ததுதான் பெரிய வேலை, இரண்டு நாள் ஆனது. அந்த வருடம் மேட்டூரை வழக்கமான ஜூன் 12 வரைக்கும் காக்கவைக்காமல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். ஜூன் முதல் வாரத்தில் எங்கள் குளத்து வாயில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. தெருப் பெண்கள் மஞ்சளும் பூவும் தூவினோம். நுரையோடு வந்தது. புதுத் தண்ணீர் என்றால் நுரைக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

விரால் சாகவில்லை

ஆடி பிறந்த முதல் வாரம். இரண்டு நாளாக வெயில் இல்லை, மூடாப்பாகவே இருந்தது. விடியற்காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தபோதே நாற்றம் தெரிந்தது. குளம் முழுக்க வெள்ளை வெள்ளையாக மிதந்தது. கட்லா, ரோகு, கெண்டை. சின்னது பெரியது எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. சாகாத சில மீன்கள் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீர் பாசிப்பயறு அரைத்து ஊற்றிய மாதிரி பச்சையாக, கெட்டியாக இருந்தது.

யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். மீன் குத்தகை கிடைக்காத கோபம் என்றார்கள். போலீசுக்குப் போகலாம் என்று பேச்சு முற்றியபோதுதான் அந்தப் பெரியவர் வந்தார். பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடத்துக்கு மேல் மதகு திறந்து மூடியவர். படியில் இறங்கி, குனிந்து, கொஞ்ச நேரம் மீன்களையே பார்த்தார்.

"விரால் ஒண்ணாவது செத்திருக்கா, பாருங்க டீச்சர்" என்றார்.

பார்த்தேன். இல்லை. ஒரு விரால்கூட மிதக்கவில்லை. தேளியும் இல்லை, பனையேறியும் இல்லை.

"விஷம்னா விராலும் செத்திருக்கும். விரால் மேல வந்து காத்தைக் குடிச்சிட்டுப் போயிடும். மத்ததுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. இது மூச்சு முட்டிச் செத்தது."

நான் அறிவியல் டீச்சர். பத்தாம் வகுப்புக்கு இதையெல்லாம் பாடமாக நடத்துகிறவள். முப்பது டிகிரி சூட்டில், காற்றிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைகிற ஆக்சிஜன் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம்தான். சாக்கடைத் தண்ணீர் சேர்ந்தால் அதை மட்கவைக்கிற நுண்ணுயிர்கள் முதல் பங்கை எடுத்துக்கொள்ளும். சாக்கடையில் வருகிற பாஸ்பரசும் நைட்ரஜனும் பாசிக்கு உரம். பகலில் வெயில் இருக்கிற வரைக்கும் பாசி ஆக்சிஜனைக் கொடுக்கும், ராத்திரியில் அதுவும் மூச்சு விட்டு எடுத்துக்கொள்ளும். இரண்டு நாள் மூடாப்பு சேர்ந்தால் விடியற்காலையில் மீனுக்கு மிச்சம் இருக்காது. இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் படித்துறையில் நின்றபோது ஒன்றும் தோன்றவில்லை. அவர்தான் செத்த மீனை விட்டுவிட்டுச் சாகாத மீனைப் பார்த்தார்.

"வாங்க, வாய்க்காலோட நடப்போம்" என்றார். அன்று பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன்.

குளத்து வாயிலிருந்து ஆற்றுத் தலைப்பு வரைக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர். நடந்து முடிக்க இரண்டே கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு வீட்டின் பின்பக்கத்தையும் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். தெருவில் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருக்கிற அதே வீடுகள்தான். கொல்லைப் பக்கத்துச் சுவரில் நாலு அங்குல பிவிசி குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். சிலதில் சோப்புத் தண்ணீர் சொட்டியது. சிலதில் அதற்குக் கீழே சுவர் கருத்து, வாய்க்கால் மண் கொழகொழவென்று இருந்தது. பெரியவர் கையிலிருந்த குச்சியால் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். நான் என் மாணவர்களின் வருகைப் பதிவேட்டின் பின் அட்டையில் கோடு போட்டு எண்ணினேன். நாற்பத்தொன்று.

கடைத்தெரு பாலத்தடியில் நின்று அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுதவைக்கிறது. "இத்தனை வருஷமா இந்தத் தண்ணியெல்லாம் இங்கயே தேங்கி, மண்ணுல சுவறி, வெயில்ல காஞ்சு போயிக்கிட்டிருந்துச்சு. குளத்துக்குப் போக வழியில்ல. இந்த அடைப்புதான் டீச்சர் உங்க குளத்தக் காப்பாத்திக்கிட்டிருந்துச்சு."

அந்த அடைப்பைத் திறக்கச் சொல்லித்தான் நான் மனுவில் தனிப் பத்தி எழுதியிருந்தேன்.

பதினேழாவது குழாய்

நாற்பத்தொன்றில் பதினேழாவது எங்கள் வீட்டுக் குழாய். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ராத்திரி மாமியாரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. ஒரு கார்த்திகை மாதம் பத்து நாள் அடைமழையில் கழிப்பறைத் தண்ணீர் உள்ளே போகாமல் எதிர்த்து வந்து, முற்றம் வரைக்கும் நின்றதாம். வீட்டில் கைக்குழந்தை. மாமனார் மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டு செப்டிக் டேங்கிலிருந்து வாய்க்காலுக்குக் குழாய் எடுத்துவிட்டார். "வேற என்ன பண்றது, நீயே சொல்லு" என்றார் மாமியார். எனக்குப் பதில் இல்லை.

இதை வெளியூர் ஆட்கள் புரிந்துகொள்வது கஷ்டம். செப்டிக் டேங்க் என்பது கழிவை முழுசாகச் சுத்தம் செய்கிற எந்திரம் கிடையாது. கெட்டியானது அடியில் தங்கும், அவ்வளவுதான். மேலே தெளிந்து வழிகிற தண்ணீரில் கிருமியும் பாஸ்பரசும் நைட்ரஜனும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதை மண்ணுக்குள் சுவறவிடத்தான் குழி வெட்டி சிமெண்ட் உறை இறக்குகிறோம். மேட்டுப் பூமியில் அது நடக்கும். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் கையை விட்டால் எட்டுகிற ஆழத்தில் நிலத்தடி நீர் நிற்கும், உறைக்குள் கீழேயிருந்தே தண்ணீர் ஊறும். மேலேயிருந்து போவதற்கு இடம் ஏது? ஆக, டெல்டாவில் கொல்லைப்பக்க வாய்க்காலில் குழாய் விடுகிறவர்களில் பெரும்பாலோர் திருட்டுத்தனமாக விடவில்லை, வழியில்லாமல் விடுகிறார்கள். அவர்களைக் குற்றவாளி மாதிரி நிற்கவைத்துப் பேசினால் ஒரு குழாய்கூட மூடாது. அந்தத் தெளிவு எங்கள் வீட்டுக் குழாயைப் பார்த்ததால்தான் வந்தது.

குளம் எங்கே ஆரம்பிக்கிறது

திருவாரூரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி. வேலி என்பது பழைய நில அளவு. சின்ன வயதிலிருந்து கேட்ட வாக்கியம். கோயிலும் குளமும் சரிசமம் என்று பெருமையாகச் சொல்வதற்கு மட்டுமே அதை வைத்திருந்தேன். மூன்றாவதாக ஓர் ஓடையையும் அதே அளவில் வைத்து எண்ணியிருக்கிறார்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. தஞ்சாவூரிலும் அப்படித்தான். சிவகங்கைக் குளத்தை எல்லோருக்கும் தெரியும். அதற்குத் தண்ணீர் கொடுத்தது அந்தக் காலத்து நகரத்துக்கு வெளியே இருந்த செவப்பநாயக்கன் ஏரி. மழைத் தண்ணீர் முதலில் அந்த ஏரியில் நின்று தெளிந்து, பிறகு நிலத்துக்கு அடியில் போட்ட வழியாகக் குளத்துக்கு வந்தது. தெளியவைத்து அனுப்பியதால்தான் குடிக்க முடிந்தது. மன்னார்குடி ஹரித்ராநதி இருபத்து மூன்று ஏக்கர். பாமணியாற்றுத் தண்ணீர் வருகிற வழியை எடுத்துவிட்டால் அதுவும் வெறும் பள்ளம்தான்.

நாம் இப்போது குளத்தைச் சீரமைப்பது என்றால் என்ன செய்கிறோம்? கரையைச் சுற்றி நடைபாதை, கம்பி வேலி, விளக்கு, உட்கார சிமெண்ட் பெஞ்சு. எல்லாம் குளத்தின் விளிம்போடு நின்றுவிடுகிறது. எனக்கு நடைபாதை மேல் கோபமில்லை, என் மாமியார் சாயங்காலம் அதில்தான் நடக்கிறார். ஆனால் வாய்க்காலின் அகலத்தை அளக்காமல் பெஞ்சுக்குச் செலவழிப்பதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எங்கள் வாய்க்கால் வருவாய்த்துறையின் புலப்படத்தில் நான்கு மீட்டர் அகலம், நில விவரம் எழுதிவைக்கிற 'அ' பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு. நாங்கள் டேப் பிடித்து அளந்தபோது குறுகலான இடத்தில் இரண்டே கால் மீட்டர்தான் இருந்தது.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தை ஒட்டி வாஷிங்டன் ஏரி என்று ஒன்று இருக்கிறது. சுற்றியிருந்த ஊர்கள் சுத்திகரித்த கழிவுநீரைத்தான் அதில் விட்டுக்கொண்டிருந்தன. சுத்திகரித்தாலும் பாஸ்பரஸ் அதில் இருந்ததால் 1950களில் ஏரி பாசி பிடித்து நாறியது. 1963 தொடங்கி 1968க்குள் அவ்வளவு கழிவுநீரையும் ஏரிக்குள் வராமல் வேறு வழியில் திருப்பினார்கள். ஒரு மீட்டருக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் கலங்கியிருந்த தண்ணீர், 1970களின் நடுவில் மூன்று மீட்டருக்கு மேல் தெளிந்தது. ஏரிக்குள் இறங்கி யாரும் எதையும் தோண்டவில்லை. வருவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். ஒன்று மட்டும், அது ஆழமான ஏரி. எங்களுடையது ஆளுயரக் குளம். அடிச்சேற்றில் ஏற்கெனவே படிந்துவிட்ட பாஸ்பரஸ், ஆக்சிஜன் இல்லாதபோது சேற்றிலிருந்து கிளம்பித் திரும்பவும் தண்ணீருக்கு வந்துகொண்டே இருக்கும். எங்களுக்கு இரண்டு வேலையும் சேர்ந்தே இருந்தது.

அதனால் 2023 கோடையில் குளம் வற்றியதும் கறுப்புச் சேற்றை வாரினோம். இளைஞர்கள் ஆசையாக இருந்தார்கள், இன்னும் மூன்றடி தோண்டி ஆழப்படுத்திவிடலாம் என்றார்கள். பெரியவர் ஜேசிபிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். கறுப்பு போய் மஞ்சள் களி தெரிகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். சந்தேகப்பட்டவர்களுக்காக ஓரத்தில் கடப்பாரையால் ஒரு குழி போட்டுக் காட்டினார். ஒன்றரை அடி களி, அதற்குக் கீழே வெளேரென்று ஆற்றுமணல். "இந்தக் களிதான் பாத்திரத்தோட அடி. இதக் கிழிச்சிட்டா எந்த ஆறு வந்தாலும் நிக்காது" என்றார். குழியைத் தன் காலாலேயே மிதித்து மூடினார். தூர் வாருகிற இடத்திலெல்லாம் இப்படி ஒருவர் நிற்க வேண்டும்.

முதல் தண்ணீர் யாருக்கு

அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வந்தபோது பெரியவர் சொன்னபடி குளத்து ஷட்டரைத் திறக்கவில்லை. வாய்க்காலில் கிடப்பதையெல்லாம் அடித்துக்கொண்டு வருவது முதல் தண்ணீர்தான். அதைப் பக்கத்து வடிவாய்க்காலில் ஒரு வாரம் தள்ளிவிட்டு, பிறகு வருவதைக் குளத்துக்கு விட்டோம். குளம் ஓரளவு தப்பியது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். ஐந்தாவது நாள் கீழ்மடை கிராமத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். சத்தம் போடவில்லை. பெண்கள் நிற்கிறார்கள் என்று துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு பேசினார். "உங்க குளம் நல்லாருக்கணும்னு எங்க நாத்தாங்கால்ல விட்டுட்டீங்களேம்மா. இறங்கின பொம்பளைங்களுக்குக் காலெல்லாம் அரிப்பு."

மனு எழுதியபோது செய்ததையே இரண்டாம் தடவையும் செய்திருக்கிறேன். முதல் தடவை குளத்தை மட்டும் பார்த்தேன். இப்போது குளமும் வாய்க்காலும் தெரிந்தது, அதற்குக் கீழே இருந்தவர்கள் தெரியவில்லை. மறுநாள் நாலு பேர் அந்த ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். டீ வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் குழாய்களைப் பிடித்தோம். 2024ல் மேட்டூர் ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தது. குறுவைக்காரர்களுக்கு அது இடி. எங்கள் வேலைக்கு மட்டும் ஒன்றரை மாதம் கூடுதலாகக் கிடைத்தது. முதலில் எங்கள் வீட்டுக் குழாயை மூடினோம், மாமியார் பக்கத்தில் நின்று பார்த்தார். கொல்லையில் தரைக்கு மேலே மூன்றடி மேடு போட்டு, அதில் உறை இறக்கினோம், நிலத்தடி நீர் ஏறினாலும் எட்டாத உயரத்தில். மேடு போட இடமில்லாத பதினோரு வீடுகளுக்கு வேறு யோசனை. அடுக்களை, குளியலறைத் தண்ணீரை மட்டும் தனியாகப் பிரித்து, வாய்க்கால் ஓரத்தில் பொதுவாக ஒரு தெளிதொட்டி, அதை அடுத்து ஜல்லி நிரப்பிக் கல்வாழை நட்ட ஒரு பாத்தி. தண்ணீர் ஜல்லிக்குள் ஊர்ந்து, வேர்களைத் தாண்டி மறுமுனைக்கு வருவதற்குள் நாற்றம் போய்விடுகிறது. கழிப்பறைத் தொட்டியின் வழிவாயை அடைத்துவிட்டு, நிரம்ப நிரம்ப லாரி வைத்து எடுக்கிறார்கள். அதற்கு ஆகிற செலவைத் தெருவே பகிர்ந்துகொள்கிறது. இது நிரந்தர வழி ஆகாது, தெரியும். பாதாளச் சாக்கடை வந்து, அது அடைக்காமலும் உடையாமலும் ஓடினால்தான் முழுசாகத் தீரும். அதுவரைக்கும் மீன் காத்திருக்காது.

ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு ஒன்றுபோல இருக்கவில்லை. சிலர் முதல் நாளே சரி என்றார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். ஒரு வீட்டில் மட்டும் ஒன்பது தடவை போனோம். கடைசியில் அந்த வீட்டுப் பையன், என்னிடம் படிக்கிறவன், தன் அப்பாவைக் குளத்து வாய்க்குக் கூட்டி வந்து குழாயிலிருந்து தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று காகிதக் கப்பல் விட்டுக் காட்டியிருக்கிறான். பதினெட்டு நிமிடம் ஆனதாம். அடுத்த வாரம் குழாயை மூடினார்கள்.

2025ல் மேட்டூர் ஜூன் 12ஆம் தேதி திறந்தது. எங்கள் தலைப்பில் தண்ணீர் ஏறிய நாளிலிருந்து பெரியவர் தினமும் காலையில் ஒரு எவர்சில்வர் சொம்போடு வந்தார். வாய்க்காலில் முக்கி எடுத்துப் படியில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அரை மணி நேரம் கழித்து மேலே தெளிந்ததை மெல்லச் சாய்த்து ஊற்றி, அடியில் என்ன தங்குகிறது என்று பார்ப்பார், மோந்து பார்ப்பார். முதல் இரண்டு நாள் தலையை ஆட்டினார். மூன்றாம் நாள் அடியில் செம்மண் மட்டும் இருந்தது. சொம்பை என்னிடம் நீட்டினார். வண்டல் வாசனை. ஷட்டரை அரை அடி மட்டும் தூக்கினார். கீழ்மடைக்கும் அதே தண்ணீர்தான் போகிறது. அந்த சைக்கிள்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன், வந்து பார்க்கிறேன் என்றார்.

நாற்பத்தொன்றில் இன்னும் நாலு குழாய் பாக்கி. மூன்று வாடகை வீடுகள், சொந்தக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். நாலாவது வீட்டில் தனியாக இருக்கிற அம்மா, மேடு போட்டால் கொல்லை முருங்கையை வெட்ட வேண்டியிருக்குமே என்று தயங்குகிறார். மரத்தை விட்டுச் சுற்றிப் போட முடியுமா என்று பார்க்க, நாளைக் காலை கொத்தனாரோடு போகிறேன்.